விஸ்காம் படிக்காமல் நிருபர் வேலை கற்றுக்கொள்ள முடியுமா?

வைகைக்கரை (கேள்வி, ஜூலை)

வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்தி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் வெட்கக்கேடான கதை, சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. அணையின் மதகுகள் வரிசையாகத் திறந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிறது. கீழே: ‘வைகை அணைக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. அணை எந்நேரமும் உடையலாம் என்று கூறப்படுகிறது. கரையோர மக்கள் உடனே வெளியேறவும். அதிகம் பகிரவும்.’ நான் இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை. சொந்தக்காரர்கள் குழுவில் தட்டிவிட்டேன்.

எங்கள் அம்மாச்சி வீடு சோழவந்தான் பக்கம், ஆற்றங்கரையில். வேறு யாராவது போட்டிருந்தால் சும்மா விட்டிருப்பார்கள். காலேஜ் படிக்கிற பிள்ளை போட்டிருக்கிறதே என்று மாமா ஆட்டை அவிழ்த்துவிட்டு, அம்மாச்சியை மழையில் பைக்கில் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் புறப்பட்டார். இறங்கும்போது வழுக்கி அம்மாச்சிக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆற்றில் அன்றைக்கு வழக்கமான தண்ணீர்தான் போனது. மாமா திட்டவில்லை. ‘உனக்கு யார் சொன்னது?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அதனால் இரண்டு கேள்வி. ஒரு செய்தியைச் சரிபார்ப்பது எப்படி? செய்தி எழுதுவதை எங்கிருந்து ஆரம்பிப்பது? கல்லூரி மலரில் கேட்டேன், கவிதை இருந்தால் கொடு என்றார்கள்.

மூணாவது டீ

யூடியூப் சேனல் ஆரம்பி தங்கச்சி. மைக் எண்ணூறு ரூபாய். தம்ப்நெயிலில் ஒரு சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஒரு மூஞ்சி. செய்தி தானாகத் தேடி வரும்.

பழைய ஸ்ட்ரிங்கர்

பாப்பா, அம்மாச்சி கை கூடிவிட்டதா? முதலில் அதைச் சொல்.

தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 19 வருடம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும். அச்சான செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து காசு கொடுப்பார்கள். ஃபிலிம் ரோலைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய காலம். வயிற்றுப் பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை.

1999இல் மலைப்பாதையில் ஒரு வேன் கவிழ்ந்தது. ஸ்டேஷன் ரைட்டர் போனில் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று பேர் பலி, பதினோரு பேருக்குக் காயம். இறந்ததில் ஒருவர் முருகன். அடிபட்டதிலும் ஒரு முருகன். ரைட்டர் இனிஷியலோடுதான் சொன்னார், நான்தான் அவசரத்தில் இனிஷியலை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு ஆண்டிபட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். ஆள் ஜி.ஹெச்.சில் காலில் கட்டோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய அப்பா நேரே என் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ‘நீங்க போயி பாத்தீங்களா தம்பி?’ என்றார். ஆஸ்பத்திரி என் கடையிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம்.

திருத்தம் போட்டார்கள், நான்காம் பக்கத்தில் மூன்று வரி. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அந்த ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பெயர் ‘செத்தவனாக்கின நிருபர்’.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டெல்லி அரசியல், கிரிக்கெட், சினிமா எதையும் எழுதாதே. நீ தப்பாக எழுதினால் மறுநாளே வந்து சட்டையைப் பிடிக்கக்கூடிய ஆட்களைப் பற்றி எழுது. அம்மாச்சி ஊரில் கிராம சபை நடக்குமே, போயிருக்கிறாயா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. ஓரமாக உட்கார்ந்து முதலில் தலையை எண்ணு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்து நோட்டில் எத்தனை, நாற்காலியில் எத்தனை என்று பார். பேசுகிறவர் பெயர், இனிஷியல், வயது, தெரு. குறிப்பெடுக்க பென்சில் வைத்துக்கொள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.

எழுதி முடித்ததும் பேசினவரிடம் போய் எண்ணையும் பெயரையும் மட்டும் திருப்பிப் படித்துக் காட்டு. முழுச் செய்தியையும் காட்டாதே, காட்டினால் ஊரே உட்கார்ந்து திருத்தும்.

காகிதம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) இருக்கிறது, 2005இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று இரண்டு வரியில் திருப்பிவிடுவார்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வாங்கிய பிளீச்சிங் பவுடருக்கான பில் நகல்’ என்று கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், பிரஸ் மீட்டுக்குப் போக ஆரம்பித்தால் கவர் நீட்டுவார்கள். வாங்காதே. டீ, பிஸ்கட் பரவாயில்லை.

நூலகத்து ஆள்

கல்லூரி நூலகராக இருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த செய்தியைப் பிரித்துப் பாருங்கள். அதில் உண்மையாக இருக்கக்கூடியது ஒரு துண்டுதான்: ‘முதல் வெள்ள அபாய எச்சரிக்கை’. வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. தண்ணீர் திறக்க வேண்டி வரலாம், ஆற்றுக்குள் இறங்காதீர்கள் என்று கரையோர மாவட்டங்களுக்குச் சொல்லும் வழக்கமான நடைமுறை இது. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் இந்த அறிவிப்பு வரும். அணை உடைவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த உண்மைத் துண்டின் முதுகில் பொய்யை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். முழுப் பொய்யை நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள்.

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். கீழே எழுத்து இருந்தால் அதை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அந்த எழுத்தையே தேடிக்கொண்டிருக்கும். பதினாறு மதகுகள் வரிசையாக இருந்தால் அது அநேகமாக மேட்டூர்.

வீடியோ என்றால் நான்கைந்து இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, பஸ் என்ன நிறம், வண்டி எண் என்ன என்று பாருங்கள். தேனி என்று சொல்லும் வீடியோவில் டி.என். 60 ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று இரண்டு வீடியோ பரவியது நினைவிருக்கும். ஒன்று பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டி.ஜி.பி. விளக்கம் கொடுத்தார். அதற்குள் ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தைக்கூடப் பயந்து ஓடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

நியூஸ் கார்டு வந்தால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அந்தத் தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். லோகோவை ஒட்டுவது இரண்டு நிமிட வேலை.

மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் ஆய்வு ஒன்று. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். மெத்தப் படித்தவர்கள் கொடுத்த பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கருத்தாகப் படித்து, அதன் அழகான லோகோவில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறு டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமேவா விசாரிப்போம்?

உங்கள் விஷயம் மணிக்கட்டோடு போனது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பி அவரை அடித்தே கொன்றார்கள். நாடு முழுக்க இப்படிப் பல சாவுகள். அந்த ஜூலையில்தான் வாட்ஸப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு முறைக்கு ஐந்தாகக் குறைத்தது.

இரவு ஷிப்ட்

நாளிதழ் டெஸ்க்கில் துணை ஆசிரியர், 11 வருடமாகிறது. அண்ணன்கள் இரண்டு பேரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் தமிழைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி.

உனக்கு வந்த செய்தியில் ஒரு சொல் இருந்ததே, ‘கூறப்படுகிறது’. அதில் ஒரு மின்சார அதிர்ச்சி இருப்பதுபோல் நினைத்துக்கொள். கூறப்படுகிறது, தெரிகிறது, சொல்லப்படுகிறது, நம்பப்படுகிறது. நம் மொழியில் ஆளே இல்லாமல் வாக்கியத்தை முடிக்க எவ்வளவு வசதி பார். ‘யார்?’ என்ற இடம் காலியாக இருந்தாலும் வாக்கியத்தில் ஓட்டை இருப்பதே தெரியாது. உன் மாமா அந்த ஓட்டையில்தான் சரியாக விரலை விட்டிருக்கிறார்.

செய்தி படிக்கும்போது இந்தச் சொல்லை வட்டம் போட்டுக்கொண்டே படி. ஒரு வாரத்தில் உன் கண் மாறிவிடும். எழுதும்போது அடித்துவிட்டு ஆளைப் போடு. ஆள் இல்லையென்றால் செய்தி இன்னும் தயாராகவில்லை. ‘மர்ம நபர்’ என்றும் எழுதாதே. திருடியவன் யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை, அதில் என்ன மர்மம்? ‘கள்ளக்காதல்’ வேண்டவே வேண்டாம். எங்கள் ஆட்கள் இன்னும் எழுதுகிறார்கள், நான் இரவில் அடிக்கிறேன், காலைப் பதிப்பில் எப்படியோ திரும்ப வந்துவிடுகிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, பெற்றோர் பெயர் எதையும் எழுதக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு அது.

விஸ்காம் படிக்கவில்லையே என்று கவலைப்படாதே. விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கானது, வேதியியல்காரர்களும் போடலாம். பட்டம் முடித்த பிறகு தரமணியில் ஏ.சி.ஜே. என்கிற ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. அதெல்லாம் அப்புறம். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகு. நிருபர்களில் பாதிப் பேருக்கு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) என்றால் என்னவென்று தெரியாது, உனக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரக்குறியீடு சொல்கிறது. அதை அளக்கிற சின்ன கிட் உங்கள் லேபிலேயே கிடைக்கும்.

வைகைக்கரை (ஆகஸ்ட்)

அம்மாச்சி கை கூடிவிட்டது ஐயா, மழை வந்தால் மட்டும் வலிக்கிறது என்கிறார். நூலகர் சார், படத்தை லென்ஸில் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே மேட்டூர் 16 கண் மதகு. பழைய படம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். எழுதியிருக்கிறேன், திட்டாமல் படியுங்கள்:

‘எங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது. திரளான பொதுமக்கள் கலந்துகொண்டனர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பல மாதங்களாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று கூறப்படுகிறது. இதனால் மக்கள் கடும் அவதிக்குள்ளாகி வருகின்றனர். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என அதிகாரிகள் தெரிவித்தனர்.’

இரவு ஷிப்ட்

அப்படியே பேப்பரில் போடலாம். பிரச்சினையும் அதுதான், எந்த ஊருக்கும் எந்த வருடத்துக்கும் போடலாம்.

சிறப்பாக என்று யார் சொன்னது? திரளான என்றால் எத்தனை? பல மாதம் என்றால் எந்த மாதத்திலிருந்து? அவதி என்ன, வயிற்றுப்போக்கா, நாற்றமா, தண்ணீரே வரவில்லையா? எந்த அதிகாரி? ‘கூறப்படுகிறது’ பற்றி நான் இங்கே ஒரு பத்தி எழுதினேன், இல்லையா?

இதில் இல்லாததெல்லாம் உன் நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் போடு.

வைகைக்கரை

சாரி அக்கா. நோட்டில் இருக்கிறது. செய்தி என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

11.30க்கு எண்ணியபோது 43 பேர். ஊராட்சிச் செயலரிடம் கேட்டு நோட்டைப் பார்த்தேன், 106 கையெழுத்து. மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அந்த நோட்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. என் அத்தை மாவு அரைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தொட்டி 60,000 லிட்டர். தூணில் ‘சுத்தம் செய்த நாள் 05.08, அடுத்து சுத்தம் செய்யும் நாள் 20.08’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. பெயின்ட் புதுசு. ஆனால் இரும்பு ஏணியில் மூன்று படிகள் இல்லை. தொட்டி ஆபரேட்டரிடம் எப்படி ஏறினீர்கள் அண்ணே என்று கேட்டேன். சிரித்தார். பங்குனித் திருவிழாவுக்கு ஏறியதுதான், தேதியை மட்டும் எழுதச் சொன்னார்கள், எழுதினேன் என்றார். மூன்று வீட்டுக் குழாயில் கிட்டை வைத்துக் குளோரின் பார்த்தேன். குளோரின் இருந்தால் நிறம் மாற வேண்டும், மாறவே இல்லை.

இப்போது என் பிரச்சினை. அவர் தற்காலிக வேலையில் இருப்பவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவர் சொன்னதாக எழுதினால் வேலை போய்விடும். எழுதாமல் விட்டால் மறுபடியும் ‘கூறப்படுகிறது’ ஆகிவிடும். என்ன செய்வது?

மூணாவது டீ

முதலில் கிண்டல் செய்தவன் நான். மன்னித்துக்கொள் தங்கச்சி. ‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்’ என்று போட்டுவிடேன், எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்?

பழைய ஸ்ட்ரிங்கர்

தம்பி, அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு ஆபரேட்டர். பெயரைப் போட்டால் என்ன, விட்டால் என்ன? சாயங்காலமே கூப்பிட்டுவிடுவார்கள்.

பாப்பா, அவர் வாயே உனக்குத் தேவையில்லை. அவர் உன்னிடம் கொடுத்தது செய்தி இல்லை, எங்கே பார்க்க வேண்டும் என்ற வழி. ஏணியை ஊரே பார்க்கலாம். தேதியை ஊரே படிக்கலாம். குளோரினை நீயே பார்த்தாய், மூன்று வீட்டுக்காரர்களும் கூட நின்றார்கள், அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டு அவர்கள் பெயரைப் போடு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வை, ‘ஆனால்’கூடப் போடாதே. படிக்கிறவனுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள். ஏணி இல்லாமலே, வேறு ஏணி கொண்டுவந்து சாத்திச் சுத்தம் செய்திருக்கலாம் இல்லையா? செயலரிடம் போய், ‘5ஆம் தேதி சுத்தம் செய்தது யார், எப்படி ஏறினார்கள்?’ என்று நேராகக் கேள். அவர் சொல்வதை அவர் பெயரிலேயே எழுது. பதில் சொல்லவில்லை என்றால், எந்த நாள், எத்தனை மணிக்குக் கேட்டாய், சொல்லவில்லை என்று எழுது. ஆபரேட்டரிடமும் போய், உங்கள் பேச்சை எழுதவில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு வா. இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டார்.

வைகைக்கரை

செயலரைப் பார்த்தேன். ஏணி பற்றித் தனக்குத் தகவல் வரவில்லை, 5ஆம் தேதி ஆள் வைத்துச் சுத்தம் செய்தோம், ஆள் பெயர் ரெஜிஸ்டரில் இருக்கும் என்றார். ரெஜிஸ்டர் யூனியன் ஆபீசில் இருக்கிறதாம். ஆர்.டி.ஐ. போட்டுவிட்டேன், ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை தொட்டி சுத்தம் செய்த பதிவேட்டின் நகலும் பிளீச்சிங் பவுடர் பில் நகலும். ஸ்டாம்ப் பத்து ரூபாய், தபால் செலவு அதைவிடக் கூட.

முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

‘60,000 லிட்டர் கொள்ளளவுள்ள குடிநீர்த் தொட்டி ஆகஸ்ட் 5 அன்று சுத்தம் செய்யப்பட்டதாக அதன் தூணில் எழுதப்பட்டிருக்கிறது. தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியில் தரையிலிருந்து 4, 5, 6ஆம் படிகள் இல்லை. ஆகஸ்ட் 16 காலை கீழத்தெருவில் மூன்று வீடுகளின் குழாய்த் தண்ணீரை இந்தச் செய்தியாளர் சோதித்தபோது எதிலும் குளோரின் இல்லை.’

இரவு ஷிப்ட்

‘இந்தச் செய்தியாளர்’ வேண்டாம், ‘நான்’ என்றே எழுது. ‘குளோரின் இல்லை’ என்பதும் கொஞ்சம் அதிகம். கிட்டில் நிறம் மாறவில்லை என்பதுதான் நீ பார்த்தது. லேபில் உன் மேடத்திடம் ஒரு முறை காட்டிவிடு. மற்றபடி இதை எங்கள் டெஸ்க்குக்கு வந்திருந்தால் நான் கை வைக்க இரண்டு இடம்தான்.

பழைய ஸ்ட்ரிங்கர்

4, 5, 6 என்று போட்டிருக்கிறாய். எண்ணினாயா, போட்டோவைப் பார்த்து எழுதினாயா? சில ஏணியில் முதல் படி மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

வைகைக்கரை

போட்டோவைப் பார்த்துத்தான் ஐயா. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், எண்ணிவிட்டு வந்து சொல்கிறேன்.